அணைக்கு இழவு கேட்க வந்தவர்

எங்கள் சோபிலிகோ ஊர் அணையின் உறுப்புகள் கரை, மதகு, கலிங்கு என மூன்று. இவற்றுள் மண்கரை நீரைத் தடுக்கும். மதகு வயலுக்கு நீரைக் கொடுக்கும். கலிங்கோ மிஞ்சிய நீரை மரியாதையாக வழியனுப்பி வைக்கும். நான்காவதாக ஓர் உறுப்பைச் சேர்த்தவள் நான். அது மூட்டை.

காரணமின்றிச் சேர்க்கவில்லை. சென்ற ஆண்டு பிப்ரவரியில், வெங்காயம் திரளத் தொடங்கிய அதே வாரத்தில், மதகைத் திறந்தால் காற்று வந்தது. என் பன்னிரண்டு பாத்திகளிலும் விளைந்த வெங்காயம் கோலிக்குண்டைவிடச் சற்றே பெரியது. சந்தையில் அதை விரித்து வைத்தபோது, வாங்க வந்த ஒருத்தி, "விதைக்கா விக்கிறே?" என்று கேட்டாள். அச்சொல்லை நான் மறக்கவில்லை. ஆதலின், அணைப் பாசனச் சங்கத்தின் செயலாளர் என்னும் முறையில், மே மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கலிங்கு உயர்ந்தால் நீர் உயரும், நீர் உயர்ந்தால் ஏப்ரல் வரை நிற்கும்" என்று முன்மொழிந்தேன். அனைவரும் கைதட்டினர். நாற்பத்தெட்டு உரச்சாக்குகளில் மணலை நிரப்பி, இரண்டு அடுக்காகக் கலிங்கின் வாயில் வைத்து அடைத்தோம். அடுக்கின் உயரம் இரண்டு சாண்.

கரையின் அடிவாரத்திலிருந்து இருநூறு எட்டுத் தொலைவில் என் வீடு உள்ளது. கரை இருக்கும்வரை அது நல்ல இடம்.

ஜூலை மாதத்தின் மூன்றாம் வாரத்தில், நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். மெலிந்த உடல், முழங்கால் வரை சேறு, தோளில் சுருட்டிய பிளாஸ்டிக் குழாய். சங்கத் தலைவர் அதம்புக்ரி அவரை எதிர்கொண்டார். ஊரிலேயே பெரிய வயிறும் பெரிய சிரிப்பும் தலைவருடையவை. வயிறு முதலில் வரும். சிரிப்பு பின்னால் வரும்.

"பேரு என்னங்க?"

"யெல்பாலா."

தலைவரின் முகம் நிலவுபோல் மலர்ந்தது. "தகாபாவா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஏம்மா அதிபோகா, ஓடி வா!" என்று என்னைக் கூப்பிட்டார். "நம்ம அடிமை ஒருத்தன் வண்டியெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்!"

வந்தவர் ஒரு கணமும் தயங்கவில்லை. "யாருக்கு யாருய்யா அடிமை? எங்க தாத்தா ஒரு நாய்த்தலையைக் கொடுத்து உங்க தாத்தாவை வாங்கினாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும், நாய்த்தலையே தேவலைன்னு திருப்பி விட்டுட்டாரு."

தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃப்ராஃப்ராக்களாகிய எங்களுக்குத் தகாபாக்கள் கேலிமுறை. அவர்கள் சொல்லும் எதையும் நாங்கள் நம்புவதில்லை. நாங்கள் சொல்லும் எதற்கும் அவர்கள் கோபிப்பதில்லை. நாயின் உடல் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், தலை யாருக்கு என்னும் வழக்கு இரு இனத்தாரிடையே இன்றளவும் தீரவில்லை.

யெல்பாலா கரைமேல் நடந்தார். ஒரு வேப்பங்கன்றைக் கண்டு, வேரோடு பிடுங்கி எறிந்தார். எலி வளை ஒன்றில் கைத்தடியை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு கரையின் கீழ்ப்புறம் இறங்கினார். நானும் பின்னால் விரைந்தேன். ஏனெனில் அங்குதான், கோடையிலும் ஈரம் காயாத ஓரிடத்தில், எவருக்கும் சொல்லாமல் நான் வெண்டை வைத்திருந்தேன்.

"இது யாரோட வெண்டை?"

"ஏன் கேக்குறீங்க?" என்றேன்.

"அணை கசியுற இடத்துல வெண்டை போட்டிருக்கிறவங்க பெரிய அறிவாளிங்க. இல்லன்னா திருடங்க. ஃப்ராஃப்ராவுல அறிவாளி கிடையாது, அதான் கேட்டேன்."

அவர் குனிந்து, கசிவு நீரை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பார்த்தார். "தெளிவாத்தான் இருக்கு. தெளிஞ்ச தண்ணி பரவாயில்ல. கலங்கி வந்தா கரையோட மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். தினமும் பாரு. வெண்டைக்காய் காய்ச்சா எனக்கு ஒரு கூடை. இல்லன்னா அறிக்கையில எழுதிடுவேன்."

அதன்பின் அவர் கலிங்குக்கு வந்து சேர்ந்தார். மூட்டைகளைக் கைத்தடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"இதென்னய்யா, அணைக்குத் தலைகாணி வெச்சிருக்கீங்க?"

"தண்ணி கூடுதலா நிக்கத்தான்," என்றார் தலைவர்.

"தலைகாணி வெச்சுப் படுக்க வெச்சாச்சு. அடுத்து பாயில சுருட்ட வேண்டியதுதான் பாக்கி."

குழாயில் நீரை ஊற்றி, ஒரு முனையை மேல் மூட்டையின் மட்டத்தில் என்னைப் பிடிக்கச் செய்து, மறுமுனையைக் கரையின் மாட்டுத்தடத்திற்குக் கொண்டு சென்றார். மாட்டுத்தடம் என்பது ஊர் மந்தை நாள்தோறும் கரையைக் கடக்கும் இடம். குளம்புகள் பட்டுப்பட்டு அங்கே கரையின் முதுகு தேய்ந்து, தொய்ந்த கட்டில்போல் பள்ளமாகிவிட்டது. குழாய் நீர் காட்டிய மட்டத்திற்கும் பள்ளத்திற்கும் இடையில் அவர் தம் கையை விரித்தார். சரியாக ஒரு சாண்.

"ஒரே ஒரு சாண்தான் இருக்கு," என்றார். அப்போது அவர் குரலில் கேலி இல்லை. "ஆகஸ்ட் கடைசியில பெருமழை வரும். மூட்டை அடைச்சிருக்கிறதால கலிங்கு வழியா வேகமாப் போக முடியாம, தண்ணி இந்த மாட்டுத்தடம் மேல ஏறும். மண்கரை மேல தண்ணி ஏறிச்சுன்னா ரெண்டு மணி நேரம் தாங்காது. அப்புறம் அணையும் இல்ல, கீழ நிக்கிற நெல்லும் இல்ல, இந்த அம்மா வீடும் இல்ல."

ஒரு கணம் எல்லார் கண்ணும் அந்த விரித்த கையில் நின்றது. அக்கணம் அப்படியே நீடித்திருந்தால் இக்கதைக்கு வேலையே இல்லை. ஆனால் தலைவர் தம் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"நல்லாச் சொன்னே போ! எங்கப்பா இழவுக்கு ஒரு தகாபாக்காரன் வந்தான். குழியில படுத்துக்கிட்டு, சேவல் கொடுத்தாத்தான் எழுந்திரிப்பேன்னுட்டான். அவனாவது சேவல் கேட்டான். நீ எங்க தண்ணியையே கேக்குறியே! அணையை வடிச்சு மீன் அள்ளிட்டுப் போகத்தானே இந்த நாடகம்?"

முறை தெரிந்த மனிதராகிய யெல்பாலாவால் வாளாவிருக்க இயலவில்லை. "மீனு வேண்டாம். அணை போனப்புறம் உன் வயித்தைக் குறுக்கே வெச்சு அடைச்சுக்கலாம், அதைக் கேட்டு வாங்கிட்டுப் போறேன்," என்றார். சுற்றிலும் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். அவரும் சிரித்தார். அவர் வண்டி மேட்டைத் தாண்டி மறையும்வரை சிரிப்பு ஓயவில்லை.

பத்து நாள் கழித்து அவரது அறிக்கை வந்தது. கூட்டத்தில் அதை உரக்க வாசித்தவள் நானே. "கலிங்கிலுள்ள மூட்டைகளை உடனடியாக அகற்ற வேண்டும்" என்னும் வரிக்கு ஒரு சிரிப்பு. "மாட்டுத்தடத்தை மண்ணிட்டு உயர்த்த வேண்டும்" என்பதற்கு இன்னொரு சிரிப்பு. "இங்ஙனம், யெல்பாலா" என்று முடித்தபோது கூட்டம் கண்ணீர் வடித்தது. நானும் சிரித்தேன். மூட்டை என் யோசனை என்பதனால், மற்றவரைவிடச் சற்று உரக்கவே சிரித்தேன்.

ஆகஸ்ட் பிறந்தது. மழையும் முறையாகப் பெய்தது. மதகருகே நடப்பட்ட அளவுக்கம்பத்தை நாள்தோறும் காலையில் வாசிப்பது என் கடமை. நீர் கலிங்கின் வாசலைத் தொட்டது. முதல் அடுக்கு மூட்டையை நனைத்தது. இரண்டாம் அடுக்கையும் எட்டியது. அணை இத்துணைப் பரப்பில் விரிந்து கிடந்ததை எவரும் கண்டதில்லை. பெண்கள் என்னைக் கண்டால் பிட்டோ என்னும் சோளக் கள் நிறைந்த சுரைக்குடுவையை நீட்டினர். "செயலாளரம்மா மூளைக்கு ஒரு குடுவை!" என்றனர். நான் மறுக்கவில்லை.

இருபத்து நான்காம் நாள் காலை, நீர் மேல் மூட்டையின் விளிம்பிற்கு வந்துவிட்டிருந்தது. மந்தை கரையைக் கடந்துகொண்டிருந்தது. கடைசி மாடு கால் வழுக்கி, பின்னங்காலால் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து நீரில் தள்ளிச் சென்றது. அந்தக் கட்டி கரைவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீரில் போட்ட வெல்லம்கூட அத்துணை விரைவாகக் கரையாது.

குழாயும் வேண்டியிருக்கவில்லை. நீரே மட்டம் காட்டி நின்றது. பள்ளத்தில் மண்டியிட்டு, நீரின் மேற்பரப்பிலிருந்து கையை விரித்தேன். என் சுண்டுவிரல் நீரிலும், கட்டைவிரல் காற்றிலும் இருந்தன. ஒரு சாண் இல்லை. ஐந்து வாரத்தில் மாடுகள் மூன்று விரல் தேய்த்துவிட்டன. திரும்பி என் வீட்டைப் பார்த்தேன். என் ஆடுகள் ஐந்தும் கூரை நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அக்கணமே தலைவரிடம் ஓடினேன்.

"அண்ணே, மூட்டையை எடுத்துடணும்."

"எந்த மூட்டையை?"

"கலிங்குல இருக்கிறதை. அளந்து பாத்தேன். ஒரு சாண் கூட இல்ல."

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தகாபாக்காரன் சொன்னதை நீ நம்பிட்டியா? அதிபோகா, வெளிய சொல்லிடாதே. ஊரு உன்னை வெச்சு அடுத்த அறுவடை வரைக்கும் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்ணே."

"மூட்டை உன் யோசனை. நாங்க கைதட்டினோம். இப்போ எடுக்கிறதும் உன் யோசனைன்னா, எதுக்குக் கைதட்டுறது? போம்மா, போய் வெங்காய நாத்தைப் பாரு."

நானே எடுத்துவிடலாம் என்று கலிங்கிற்குச் சென்றேன். நனைந்த மணல்மூட்டை ஒன்றின் இரு காதுகளையும் பிடித்து இழுத்தேன். மூட்டை நகரவில்லை, நான்தான் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். அங்கு அமர்ந்தபடியே யெல்பாலாவுக்குக் கைப்பேசியில் அழைத்தேன்.

"யாரு? வெண்டைக்காய்த் திருடியா?"

"ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லணும். அணை உடையும்னு சொன்னீங்களே, அது நிஜமா, கேலியா?"

"நிஜம். ஆனா நானும் சிரிச்சுக்கிட்டே கிளம்பிட்டேன். அது என் தப்பு. இப்போ எவ்வளவு இருக்கு?"

"ஒரு சாணுக்கு மூணு விரல் குறைச்சல்."

"ஐயோ!" என்றார். "எங்க மேலதிகாரியை அனுப்பலாம். அவரு தகாபா இல்ல, அவரு சொன்னா நம்புவாங்க. ஆனா அவரு வண்டி பட்டறையில கிடக்கு. செப்டம்பர்தான் வருவாரு."

"செப்டம்பர்ல என் வீட்டுத் தடத்தைத்தான் பாக்க முடியும். நீங்க வந்து சொன்னா மறுபடி சிரிப்பாங்க. நான் சொன்னாலும் சிரிக்கிறாங்க."

"உங்க தலைவர் அன்னிக்கு என்ன சொன்னாரு? அவங்கப்பா இழவுல குழியில படுத்தவன் சேவல் வாங்கினானா இல்லையா?" என்று கேட்டார்.

"வாங்கினான். கொடுக்காம எப்படி எழுப்புறது? இழுத்துத் தூக்கினா குடும்பத்துக்கு ஆகாதே."

"சரி. நாளைக்குச் சந்தை நாள்தானே?"

மறுநாள் சந்தைக்குச் செல்வோர் கூடைகளோடு கரைவழியே நடந்துகொண்டிருந்தபோது, மேட்டின் மறுபுறத்திலிருந்து ஓர் ஒப்பாரி கேட்டது. யெல்பாலா வந்தார். தலையில் அடி பிய்ந்த கூடை. உடம்பில் உள்வெளி திருப்பிப் போட்ட கோடு போட்ட அங்கி. கக்கத்தில் ஒரு பழைய பாய்.

"ஐயோ, என் மாமனார் போயிட்டாரே! முப்பது வருஷம் இந்த ஊருக்குத் தண்ணி ஊத்துனவரு போயிட்டாரே! ஒரு வாய் கஞ்சி கொடுத்தீங்களாடா பாவிங்களா? மாட்டை விட்டு முதுகுல மிதிச்சீங்களே!"

சந்தைக்குப் போனவர்கள் கூடைகளை இறக்கி வைத்தனர். தலைவர் வயிறு முன்னே வர விரைந்து வந்தார். "யாருடா செத்தது?"

"அணைதான். இன்னும் மூச்சு இருக்குன்னு சொல்லாதே, நான் வந்துட்டேன்னா செத்ததா அர்த்தம்." இவ்வாறு கூறி, கலிங்கின் வறண்ட பக்கத்தில், மூட்டை அடுக்கிற்கு நேர் கீழே பாயை விரித்து, யெல்பாலா கைகால்களை நீட்டிப் படுத்துவிட்டார். "இதுதான் குழி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாத்தான் எழுந்திரிப்பேன்."

ஊரே வயிறு குலுங்கிற்று. இத்தகைய இழவை எவரும் கண்டதில்லை.

"என்னடா வேணும்? நாய்த்தலையா?"

"நாய்த்தலை தினமும் தின்னுறேன். எனக்கு ஒரு மூட்டை கொடு. தலைக்கு வெச்சுக்க."

"மணல் மூட்டையா?" இளைஞர் இருவர் சிரித்துக்கொண்டே மேல் அடுக்கின் ஓரத்திலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி அவர் தலைமாட்டில் வைத்தனர். நீர் அவ்விடைவெளியில் நாக்கை நீட்டி எட்டிப் பார்த்தது.

"ஒண்ணு தலைக்கு. கால் ரெண்டு இருக்கே?"

இரண்டு வந்தன.

"என் பொண்டாட்டிக்கு?"

"உனக்கெல்லாம் பொண்டாட்டி வேறயா?" என்று ஒருத்தி கூவினாள். ஆயினும் மூட்டை வந்தது.

"அவ ஃப்ராஃப்ரா. பெருசாக் கேப்பா. நாலு வேணும்."

மூட்டைகள் கைமாறிக் கரையேறின. யெல்பாலாவுக்கு மாமியார், மச்சான்கள், ஏழு பிள்ளைகள், ஒரு கழுதை ஆகிய அனைவரும் ஒவ்வொருவராகப் பிறந்தனர். நீர் முதலில் அவர் காதை நனைத்தது, பிறகு முதுகை, பிறகு பாயே மிதந்து போயிற்று. அவர் எழுந்து உட்கார்ந்து, இடுப்பளவு ஓடும் நீரில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, "குழியில தண்ணி வந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன்!" என்று கத்தினார். மேல் அடுக்கு முழுவதும் போய்விட்டது.

அப்போதுதான் தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கலிங்கைப் பார்த்தார். கரையில் குவிந்த மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதிபோகா. இவன் நம்மளை வேலை வாங்குறான்."

"ஆமாண்ணே."

"போதும்டா! எழுந்திரி!"

"இன்னும் இருபத்து நாலு இருக்கு," என்றார் யெல்பாலா, பற்கள் கிட்டிக்க. "கொடுக்க மாட்டேன்னா வாயால சொல்லிடு. குழியில இருக்கிறவனுக்கு இல்லேன்னு சொன்ன முதல் ஃப்ராஃப்ரா நீதான்னு சந்தையில போய்ச் சொல்லிடுறேன்."

தலைவர் ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. நான் பள்ளத்திற்குச் சென்று மண்டியிட்டு, என் கையை நீருக்கும் கரைக்கும் இடையில் விரித்தேன். "வாங்கண்ணே. உங்க கையை இங்க வெச்சுப் பாருங்க. உங்களுக்குப் பெரிய கைதானே."

அவர் வந்தார். குனிவது அவருக்கு எளிதன்று, என்றாலும் குனிந்தார். பெரிய கையை விரித்தார். ஒரு மூட்டை அடுக்கு போன பிறகும் அவர் கைக்கு அது ஒரு சாண் இல்லை. குனிந்தபடியே என் வீட்டுக் கூரையைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அங்கியைக் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டு, நீரில் இறங்கி, கீழ் அடுக்கின் முதல் மூட்டையைத் தாமே தூக்கினார். "இந்தாடா, உன் கழுதைக்கு!" என்றார். எஞ்சியவை அரைமணி நேரத்தில் கரையேறின. யெல்பாலாவை நால்வர் தூக்கி வந்து வெயிலில் காயப் போட்டனர். அவருக்குச் சூடான பிட்டோ கொடுத்தேன்.

நான்காம் நாள் பிற்பகல், கிழக்கே வானம் கருநீலமாயிற்று. விளக்கு வைக்கும் நேரம் வரை பெய்த அந்த மழையை மழை என்று சொல்வது குறைவு. கலிங்கு நிறைந்து, அகன்று, முழங்கியவண்ணம் ஓடியது. மறுநாள் காலை நான் கரையேறியபோது நீர் இறங்கியிருந்தது. ஆனால் எதுவரை ஏறியது என்பதை, சாணமும் வைக்கோலும் ஒதுங்கிய ஒரு கோடு கரைநெடுகிலும் காட்டியது. மாட்டுத்தடத்தில் அக்கோட்டிற்கும் பள்ளத்திற்கும் இடையில் அரைச் சாண். எங்கள் மூட்டை அடுக்கு இரண்டு சாண். இக்கணக்கை நான் எவருக்கும் விளக்கவில்லை. தலைவர் ஒவ்வொருவராக அழைத்து வந்து, தம் கையை விரித்து அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் அந்த மூட்டைகளின் மணலோடு செம்மண்ணும் சேர்த்து மாட்டுத்தடத்தை நிரப்பி, திமிசுக்கட்டையால் அடித்து உயர்த்தினோம். மந்தை இப்போது கலிங்குக்கு அப்பால் சுற்றிப் போகிறது. மாடுகளுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. நீர் ஏப்ரல் வரை நிற்காது என்பதனால் இம்முறை பன்னிரண்டு பாத்தி வைக்கவில்லை, ஏழுதான் வைத்தேன். மார்ச்சில் ஏழிலும் வெங்காயம் கைமுட்டி அளவு பருத்தது.

அதற்கு முன், டிசம்பரிலேயே கரையைப் பார்க்க யெல்பாலா மீண்டும் வந்தார். வெண்டைக்காய்க் கூடையை அவர் வண்டியில் கட்டினேன். அடிவாரத்துக் கசிவை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பார்த்தார், தெளிவு. அதன்பின் கரைமேல் நின்று, கீழ்ச்சரிவில் ஒரு கறையான் புற்றைக் காட்டினார்.

"இதை வெட்டி எடுத்து மண் அடிக்கணும். இல்லன்னா உள்ள பூரா ஓட்டை போட்டுடும்."

"புத்தாம்!" என்று தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கறையான் வேணும்னு நேரா கேளேண்டா! வறுத்துத் தின்ன ஆசையா இருக்குன்னு சொல்லேன்!" சுற்றிலும் எல்லாரும் சிரித்தனர்.

சிரித்து முடித்ததும், தலைவர் மண்வெட்டிக்கு ஆள் அனுப்பினார்.